மீட்டர் போர்டு மாற்றும்போது ஓடோமீட்டர் எண்ணைப் பொருத்துதல்

மோட்டார் வாகனம் ஒன்று தயாரிக்கப்பட்ட நாள் முதல் இன்று வரை மொத்தம் எத்தனை கிலோமீட்டர் ஓடியுள்ளது என்பதைக் காட்டும் கருவி ஓடோமீட்டர் எனப்படும். தமிழில் இதனைத் தொலைவுமானி என்றும் கூறுவர். வேகத்தைக் காட்டும் ஸ்பீடோமீட்டர், எரிபொருள் அளவைக் காட்டும் முள், எஞ்சின் வெப்பத்தைக் காட்டும் முள், எச்சரிக்கை விளக்குகள் ஆகியவற்றுடன் சேர்த்து ஓட்டுநரின் கண்ணெதிரே இது அமைக்கப்பட்டிருக்கும். இந்தத் தொகுப்பு முழுவதையும் பணிமனைகளில் மீட்டர் போர்டு அல்லது கிளஸ்டர் என்று அழைக்கின்றனர்.

பழைய கார் ஒன்றின் மீட்டர் போர்டு பழுதாகி வேறொன்று பொருத்தப்படும்போது, புதிதாக வந்த போர்டு காட்டும் எண்ணுக்கும் கார் உண்மையில் ஓடிய தூரத்திற்கும் தொடர்பு இருக்காது. அந்த எண்ணைக் காரின் உண்மையான ஓட்டத்திற்கு ஏற்பச் சரிசெய்வதும், சரிசெய்ய இயலாதபோது வேறுபாட்டை எழுத்தில் பதிவு செய்வதும் ஓடோமீட்டர் பொருத்துதல் ஆகும். உண்மையான எண்ணை மீட்டுக் கொண்டுவருவது பழுதுநீக்கம்; உண்மைக்குக் குறைவான எண்ணை வைத்து விற்பது மோசடி. பல நேரங்களில் இரண்டிற்கும் பயன்படும் கருவி ஒன்றே. ஆகவே இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டுவது உரிமையாளரிடம் இருக்கும் எழுத்துப் பதிவு மட்டுமே.

குச்சனூர்ப் பகுதியில் இதன் தேவை

தேனி மாவட்டம், உத்தமபாளையம் வட்டத்தில் சுரபி நதிக்கரையில் அமைந்துள்ள பேரூர் குச்சனூர். இங்குள்ள சுயம்பு சனீஸ்வரர் கோயிலுக்குச் சனிக்கிழமைகளிலும், சனிப்பெயர்ச்சி நாட்களிலும், ஆடி மாதச் சனிக்கிழமைத் திருவிழாவின் போதும் வெளியூர்களிலிருந்து ஏராளமானோர் வருகின்றனர். அவர்களில் பலர் வாடகைக் காரிலும் வேனிலும் வருபவர்கள். இவ்வண்டிகளுக்குக் கிலோமீட்டர் கணக்கில் வாடகை பேசப்படும்போது, புறப்படும் நேரத்து எண்ணையும் திரும்பி வந்த நேரத்து எண்ணையும் ஓடோமீட்டரில் பார்த்துக் கழித்தே தொகை கணக்கிடப்படுகிறது.

கம்பம் பள்ளத்தாக்கின் மற்றொரு பக்கம் மலைச்சாலைகளாகும். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாகக் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களையும் சரக்குகளையும் ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் நாள்தோறும் ஏறி இறங்குகின்றன. இவற்றில் பல, ஏற்கெனவே ஒருவர் ஓட்டி இன்னொருவர் வாங்கியவை. பழைய வண்டி வாங்குபவர் முதலில் கேட்கும் கேள்விகளுள் ஒன்று, "எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது?" என்பதாகும். ஆகவே வாடகை, பராமரிப்பு, விற்பனை ஆகிய மூன்றிலும் ஓடோமீட்டர் எண் பணத்தோடும் பாதுகாப்போடும் தொடர்புடையதாக உள்ளது.

சக்கரச் சுற்றிலிருந்து தூரம்

சக்கரம் ஒருமுறை சுற்றினால் அதன் சுற்றளவுக்குச் சமமான தூரம் கடக்கப்படும். எத்தனை சுற்று என்று எண்ணிவிட்டால் தூரம் கிடைத்துவிடும். இக்கருத்து மிகப் பழமையானது. கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த உரோமானியப் பொறியாளர் விட்ருவியஸ், வண்டிச் சக்கரத்துடன் பல்சக்கரங்களை இணைத்து, சக்கரம் 400 முறை சுற்றினால் ஒரு கூழாங்கல் பெட்டியில் விழும்படியான அமைப்பை விளக்கியுள்ளார். 400 சுற்றுகள் என்பது 5,000 உரோம அடிகள், அதாவது ஓர் உரோம மைல் ஆகும். பயணத்தின் முடிவில் கற்களை எண்ணினால் மைல் கணக்கு கிடைக்கும்.

ஆங்கிலேயர் காலத்தில் இந்தியாவில் சாலைகளை அளப்பதற்குப் பெராம்புலேட்டர் எனப்படும் அளவைச் சக்கரம் பயன்பட்டது. ஓர் ஆள் தள்ளிக்கொண்டே நடக்க, அதிலுள்ள முகப்பு தூரத்தைக் காட்டும். இன்றைய காரின் ஓடோமீட்டரும் அடிப்படையில் இதே வேலையைத்தான் செய்கிறது.

இயந்திர வகை ஓடோமீட்டர்

பழைய கார்களிலும் ஜீப்புகளிலும் கியர் பெட்டியின் வெளிவரும் தண்டிலிருந்து வளையக்கூடிய கம்பி ஒன்று மீட்டர் போர்டு வரை செல்லும். இதனை மீட்டர் கேபிள் என்பர். வண்டி நகரும்போது உறைக்குள் இக்கம்பி சுழலும். அதன் மறுமுனையில் இரண்டு வேலைகள் நடக்கின்றன.

முதலாவது, வேக முள் அசைவது. சுழலும் காந்தம் ஒன்று அதன் மேலுள்ள உலோகக் கிண்ணத்தில் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கி, முள்ளை இழுக்கும். இம்முறைக்கு 1902ஆம் ஆண்டு ஜெர்மனியைச் சேர்ந்த ஓட்டோ சூல்ட்ஸே காப்புரிமை பெற்றார்.

இரண்டாவது, தூரம் எண்ணப்படுவது. கேபிளின் வேகமான சுழற்சியை மறைப் பற்சக்கரங்கள் பல மடங்கு குறைத்து, 0 முதல் 9 வரை எண்கள் பொறிக்கப்பட்ட உருளைகளுக்கு அனுப்புகின்றன. வலப்பக்கத்து உருளை ஒரு முழுச் சுற்று முடிக்கும்போது அடுத்த உருளை ஓர் எண் நகரும். தொடக்கப் பள்ளியில் கூட்டல் கணக்கில் "மேலே ஒன்று" கொண்டு செல்வது போன்றதே இது.

ஐந்து உருளைகள் மட்டும் உள்ள மீட்டர் 99,999க்குப் பிறகு மீண்டும் 00000 என்று தொடங்கும். ஆகவே 42,650 என்று காட்டும் பழைய வண்டி 1,42,650 கி.மீ. ஓடியதாகவும் இருக்கலாம்.

மின்னணு ஓடோமீட்டர்

பிற்காலத்துக் கார்களில் கேபிள் இல்லை. கியர் பெட்டியிலோ சக்கரத்தின் அருகிலோ உள்ள வேக உணரி, சுழற்சிக்கு ஏற்ப மின் துடிப்புகளை அனுப்பும். ஏ.பி.எஸ். பிரேக் உள்ள வண்டிகளில் அதன் சக்கர உணரிகளிலிருந்தே இத்தகவல் பெறப்படுவதும் உண்டு. ஒரு கிலோமீட்டருக்கு இத்தனை துடிப்பு என்பது மீட்டர் போர்டிலுள்ள சிறு கணினிக்கு முன்பே சொல்லிவைக்கப்பட்டிருக்கும். அது துடிப்புகளை எண்ணித் தூரத்தைக் கூட்டிக்கொண்டே போகும்.

கூட்டிய எண் ஈஈப்ரோம் எனப்படும் நினைவகச் சில்லில் பதியப்படுகிறது. மின்சாரம் இல்லாவிட்டாலும் இந்நினைவகம் தன்னிடம் உள்ளதை மறக்காது. எனவே பேட்டரியைக் கழற்றினால் கிலோமீட்டர் அழிந்துவிடும் என்பது தவறான எண்ணமாகும். இவ்வகைச் சில்லின் ஒவ்வோர் அறையிலும் ஏறத்தாழ 1 லட்சம் முதல் 10 லட்சம் முறை வரை மட்டுமே எழுத இயலும் என்பதால், எண்ணைப் பல அறைகளில் மாற்றி மாற்றி எழுதுவார்கள். எழுதியது சரிதானா என்று ஒப்பிட்டுப் பார்க்கச் சரிபார்ப்பு எண் ஒன்றும் உடன் இருக்கும்.

புதிய தலைமுறைக் கார்கள் பலவற்றில் ஓட்டத் தூரம் மீட்டர் போர்டில் மட்டுமின்றி, எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினி, வண்டியின் உடற்பகுதி மின் இணைப்புகளைக் கட்டுப்படுத்தும் கணினி போன்ற வேறு இடங்களிலும் பதிவாகிறது. ஓரிடத்தில் மட்டும் எண்ணை மாற்றினால் மற்ற இடங்களிலுள்ள பதிவு அதனைக் காட்டிக்கொடுக்கும்.

மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

மீட்டர் வேலை செய்யவில்லை என்றவுடன் போர்டையே மாற்றிவிடுவது தேவையற்ற செலவாகும். கீழ்க்கண்டவற்றை முதலில் சோதிக்க வேண்டும்.

1. வேக முள்ளும் கிலோமீட்டரும் ஒருசேர நின்றுவிட்டால் பழுது பெரும்பாலும் கேபிளில் அல்லது வேக உணரியில் இருக்கும். இவ்விரண்டையும் மாற்றினால் ஓடோமீட்டர் எண்ணைத் தொட வேண்டியதே இல்லை.

2. வேக முள் அசைகிறது, கிலோமீட்டர் மட்டும் நகரவில்லை என்றால், இயந்திர வகையில் உருளைகளைத் திருப்பும் சிறிய பிளாஸ்டிக் பற்சக்கரம் தேய்ந்திருக்கலாம். அதனை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

3. எல்லா முட்களும் விளக்குகளும் ஒன்றாக அணைந்தால் முதலில் ஃப்யூஸ், மின் இணைப்பு முனை, தரை இணைப்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

4. திரை மங்குவது, எண்கள் பாதி தெரிவது, மேடுபள்ளத்தில் மட்டும் விட்டுவிட்டு வேலை செய்வது போன்றவை போர்டிலுள்ள பற்றவைப்பு விரிசலால் ஏற்படலாம். நல்ல மின்னணுப் பழுதுநீக்குநர் இதனைச் சரிசெய்துவிடுவார்.

பழைய போர்டைப் பழுதுநீக்கி மீண்டும் பொருத்துவதே எல்லா வழிகளிலும் சிறந்தது. எண் அப்படியே இருக்கும், விளக்கம் தேவைப்படாது. போர்டு உடைந்துவிட்டாலோ, தண்ணீர் புகுந்து சில்லுகள் கெட்டுவிட்டாலோ மட்டுமே மாற்றுப் போர்டைத் தேட வேண்டும்.

மாற்றுப் போர்டு மூன்று வகை

மாற்றாக வரும் போர்டு காட்டும் எண்ணைக் கொண்டு அதனை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, நிறுவனத்திலிருந்து வரும் புதிய போர்டு. இதில் எண் சுழியமாக இருக்கும். இரண்டாம் வகை, உடைப்புக்குப் போன வேறொரு காரிலிருந்து கழற்றியது. அதில் உள்ள எண் நம் காரின் ஓட்டத்தைவிடக் குறைவாக இருக்கும். மூன்றாம் வகையும் அப்படிக் கழற்றியதே. ஆனால் எண் அதிகமாக இருக்கும்.

கழற்றிய போர்டை வாங்கும்போது மாடல் பெயர் ஒன்றாக இருந்தால் போதாது. பெட்ரோல் அல்லது டீசல், ஏ.பி.எஸ்., ஏர்பேக் இருப்பது அல்லது இல்லாதது, டயர் அளவு, உற்பத்தி ஆண்டு ஆகியவையும் பொருந்த வேண்டும். ஒரு கிலோமீட்டருக்கான துடிப்பு எண்ணிக்கை வேறுபட்ட போர்டைப் பொருத்தினால், முதல் நாள் எண்ணைச் சரியாக வைத்தாலும் அது பின்னர் தவறாகவே கூட்டிக்கொண்டு போகும். பின்புறம் ஒட்டப்பட்டிருக்கும் பாக எண்ணை ஒப்பிட்டுப் பார்ப்பதே பாதுகாப்பான வழி.

சில கார்களில் திருட்டுத் தடுப்புப் பூட்டின் தகவலும் மீட்டர் போர்டிலேயே இருக்கும். அவற்றில் வேறு போர்டைப் பொருத்தினால் சாவியை மீண்டும் அறிமுகப்படுத்தும் வரை எஞ்சின் ஓடாது. இதனை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

எண்ணைப் பொருத்தும் முறைகள்

இயந்திர வகையில், பயிற்சி பெற்ற மீட்டர் மெக்கானிக் உருளைத் தண்டைக் கழற்றி, பழைய போர்டில் இருந்த எண்ணைப் புதியதில் அமைப்பார். பழைய போர்டின் உருளைத் தொகுதி நல்ல நிலையில் இருந்தால் அதனை அப்படியே புதிய போர்டுக்கு மாற்றுவது இன்னும் நல்லது.

மின்னணு வகையில், நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட பணிமனையில் கணினிக் கருவியை இணைத்துப் புதிய போர்டில் எண்ணைப் பதிவு செய்யலாம். பல நிறுவனங்களின் போர்டுகள், எண்ணை ஒருமுறை மட்டும், அல்லது மேல்நோக்கி மட்டும் மாற்ற இடம் தருகின்றன. தவறாகப் பதிந்துவிட்டால் திரும்பப் பெற இயலாது என்பதால், பதிவு செய்வதற்கு முன் எண்ணை இருவர் சரிபார்ப்பது நல்லது.

பழைய போர்டின் திரை மட்டும் கெட்டு நினைவகச் சில்லு நன்றாக இருந்தால், அதிலுள்ள தகவலை அதே வகைப் புதிய போர்டுக்கு மாற்றுவதும் உண்டு. எண் மாறாமல் வருவதால் இதுவும் நேர்மையான முறையே.

மேற்கண்ட எதுவும் இயலாதபோது, புதிய போர்டின் எண்ணை அப்படியே விட்டுவிட்டு, வேறுபாட்டை எழுதி வைப்பதே சரியான வழி. பொருத்த முடியவில்லை என்பது குற்றமாகாது. அதனை அடுத்தவரிடம் சொல்லாமல் விடுவதே குற்றமாகும்.

கணக்கிடும் விதம்

உண்மை ஓட்டத்தைக் கண்டறிய ஓர் எளிய சூத்திரம் போதும்.

உண்மை ஓட்டம் = பழைய போர்டின் கடைசி எண் + (புதிய போர்டின் இன்றைய எண் − அது பொருத்தப்பட்ட நாளில் காட்டிய எண்)

எடுத்துக்காட்டாக, குச்சனூரில் ஒருவருடைய கார் 1,42,650 கி.மீ. ஓடியிருந்தபோது போர்டு மாற்றப்பட்டது எனக் கொள்வோம்.

புதிய போர்டு சுழியத்தில் தொடங்கி இன்று 8,320 காட்டினால், உண்மை ஓட்டம் 1,42,650 + 8,320 = 1,50,970 கி.மீ.

பொருத்திய நாளில் 96,410 காட்டிய பழைய போர்டு இன்று 1,01,000 காட்டினால், மாற்றிய பின் ஓடியது 4,590 கி.மீ. உண்மை ஓட்டம் 1,42,650 + 4,590 = 1,47,240 கி.மீ. இங்கு வேறுபாடு 46,240 ஆகும். போர்டு எதைக் காட்டினாலும் அதனுடன் 46,240 கூட்டினால் உண்மை ஓட்டம் கிடைக்கும்.

பொருத்திய நாளில் 2,10,300 காட்டிய போர்டாக இருந்தால் வேறுபாடு 67,650. இம்முறை அதனைக் கழிக்க வேண்டும். எண் அதிகமாகக் காட்டுவதால் உரிமையாளருக்கு விற்பனையில் இழப்பு ஏற்படலாம். பழைய போர்டின் படமும் பணிமனை ரசீதும் இருந்தால் அந்த இழப்பைத் தவிர்க்கலாம்.

மிகப் பழைய வண்டிகளின் மீட்டர் மைலில் இருக்கலாம். ஒரு மைல் ஏறத்தாழ 1.609 கி.மீ. ஆகும். 38,400 மைல் காட்டிய மீட்டருக்குப் பதிலாகக் கிலோமீட்டர் மீட்டர் பொருத்தினால், அதில் வைக்க வேண்டிய எண் சுமார் 61,800.

மீட்டர் ஓடாத காலம்

பலர் மீட்டர் நின்ற பிறகும் மாதக்கணக்கில் வண்டியை ஓட்டிவிட்டு, பிறகே போர்டை மாற்றுகின்றனர். அந்த இடைக்காலத்து ஓட்டம் எந்தப் போர்டிலும் இருக்காது. அதனை எரிபொருள் ரசீதுகளைக் கொண்டு மதிப்பிடலாம். இடைக்காலத்தில் 310 லிட்டர் டீசல் நிரப்பப்பட்டு, வண்டி லிட்டருக்குச் சராசரியாக 15 கி.மீ. கொடுக்கும் எனில், ஓட்டம் 310 × 15 = 4,650 கி.மீ. வாடகை வண்டியாக இருந்தால் சவாரிப் பதிவேட்டிலிருந்தும் கணக்கிடலாம்.

இவ்வாறு பெற்ற எண் மதிப்பீடே. எனவே அதனைப் போர்டில் கூட்டி வைப்பதைவிட, "இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை மீட்டர் ஓடவில்லை, மதிப்பிட்ட ஓட்டம் 4,650 கி.மீ." என்று தனியாக எழுதி வைப்பது நல்லது. அளந்ததையும் ஊகித்ததையும் ஒரே எண்ணாகக் கலந்துவிட்டால் பிறகு பிரிக்க முடியாது.

டயர் அளவின் விளைவு

மீட்டர் சுற்றுகளைத்தான் எண்ணுகிறது, தரையை அளப்பதில்லை. டயரின் சுற்றளவு மாறினால் கணக்கும் மாறும். சிறிய கார்களில் உள்ள 145/70 ஆர் 12 டயரின் விட்டம் 507.8 மில்லிமீட்டர், சுற்றளவு ஏறத்தாழ 1,595 மி.மீ. அதற்குப் பதிலாக 145/80 ஆர் 12 டயரைப் போட்டால் விட்டம் 536.8 மி.மீ., சுற்றளவு ஏறத்தாழ 1,686 மி.மீ. ஆகிவிடும். வேறுபாடு 5.7 விழுக்காடு. மீட்டர் 1,000 கி.மீ. என்று காட்டும்போது வண்டி 1,057 கி.மீ. ஓடியிருக்கும். வேக முள்ளும் உண்மை வேகத்தைவிடக் குறைவாகக் காட்டும். இறக்கத்தில் இது ஆபத்தானது.

பொருத்திய பின் சோதித்தல்

புதிய போர்டு சரியாக எண்ணுகிறதா என்பதை நெடுஞ்சாலையின் கிலோமீட்டர் கற்களைக் கொண்டு எளிதாகச் சோதிக்கலாம். தேனியிலிருந்து கம்பம், குமுளி நோக்கிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் ஒரு கல்லருகே நின்று எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே சாலையில் பத்துக் கற்கள் தள்ளிச் சென்று மீண்டும் குறிக்க வேண்டும். இடையில் புறவழிச்சாலையில் திரும்பிவிடக் கூடாது. பத்துக்குப் பத்து வந்தால் போர்டு சரி. ஒன்பதோ பதினொன்றோ வந்தால் துடிப்பு எண்ணிக்கையோ டயர் அளவோ பொருந்தவில்லை என்று பொருள். கைப்பேசியின் வழிகாட்டி வசதியைக் கொண்டும் ஒப்பிடலாம்.

எண் தவறினால் ஏற்படும் விளைவுகள்

எஞ்சின் ஆயில், பிரேக் எண்ணெய், கியர் எண்ணெய், வடிகட்டிகள் எனப் பலவற்றின் மாற்றக் காலம் கிலோமீட்டரில்தான் குறிக்கப்படுகிறது. இவற்றுள் மிக முக்கியமானது டைமிங் பெல்ட். இப்பட்டை உள்ள கார்கள் பலவற்றில் 60,000 முதல் 1,00,000 கி.மீ.க்குள் அதனை மாற்ற வேண்டும் என்று கையேடு கூறும். ஓடும்போது பட்டை அறுந்தால், பல எஞ்சின்களில் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்து, எஞ்சின் அந்த நொடியே நின்றுவிடும்.

95,000 கி.மீ. ஓடிய காரை 45,000 என்று திருப்பி வைத்து ஒருவர் விற்றார் எனக் கொள்வோம். வாங்கியவர் கையேட்டைப் பார்த்து, பட்டை மாற்ற இன்னும் காலம் இருக்கிறது என்று நம்புவார். போடிமெட்டு ஏற்றத்தில் குடும்பத்துடன் செல்லும்போது அப்பட்டை அறுந்தால், எஞ்சினுடன் பிரேக்கிற்கு உதவும் வெற்றிட விசையும், எஞ்சினால் இயங்கும் ஸ்டியரிங் உதவியும் குறைந்துவிடும். சில ஆயிரம் ரூபாய் கூடுதல் விலைக்காகச் செய்த மாற்றம் உயிர்ப் பிரச்சினையாகிவிடும். கெட்ட நோக்கமே இல்லாமல் போர்டை மாற்றிவிட்டு எழுதி வைக்க மறந்தவரின் காரிலும் இதே விளைவு ஏற்படலாம்.

காப்பீட்டிலும் இவ்வெண் நுழைந்துவிட்டது. ஓட்டும் தூரத்திற்கு ஏற்பப் பிரீமியம் செலுத்தும் கூடுதல் வசதியை வாகனக் காப்பீட்டில் வழங்க, இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் 2022 ஜூலையில் அனுமதி அளித்தது. இத்தகைய காப்பீடு உள்ளவர் போர்டை மாற்றினால் உடனே நிறுவனத்திற்குத் தெரிவிக்க வேண்டும்.

சட்டம் கூறுவது

இந்தியாவில் வாகனப் பதிவுச் சான்றான ஆர்.சி. புத்தகத்தில் ஓடிய தூரம் குறிக்கப்படுவதில்லை. எனவே உரிமையாளர் மாறும்போது எண்ணைச் சரிபார்க்க அரசு ஆவணம் எதுவும் துணைக்கு வராது. எண்ணைக் குறைத்து, அதனை உண்மை என்று நம்பவைத்து விற்பது ஏமாற்றுதல் என்னும் குற்றத்தின் கீழ் வரும். முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 420ஆம் பிரிவு இதற்குரியதாக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவு நடைமுறையில் உள்ளது. வணிக முறையில் வண்டி விற்பவர் மீது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன் கீழ் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடலாம்.

பழைய வண்டி வணிகர்களை ஒழுங்குபடுத்த மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2022 டிசம்பரில் திருத்தம் செய்யப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அங்கீகாரம் பெற்ற வணிகர், தம்மிடம் உள்ள வண்டி ஒவ்வொரு முறை வெளியே எடுக்கப்படும்போதும் நோக்கம், ஓட்டியவர், நேரம், ஓடிய தூரம் ஆகியவற்றை மின்னணுப் பதிவேட்டில் குறிக்க வேண்டும் என்று அது கூறுகிறது.

மீட்டர் மாற்றத்தைப் பற்றி மிகத் தெளிவாகப் பேசுவது அமெரிக்கச் சட்டமாகும். 1972ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, பழுதுநீக்கிய பின் எண் மாறாமல் இருக்க வேண்டும். அதே எண்ணை வைக்க இயலாவிட்டால் மீட்டரைச் சுழியத்தில் வைத்து, முன்பிருந்த எண்ணையும் மாற்றிய தேதியையும் எழுதிய அறிவிப்பை இடப்பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்ட வேண்டும். அதனைக் கிழிப்பதும் குற்றமாகும். இத்தனை கடுமை இருந்தும், அந்நாட்டில் ஆண்டுதோறும் 4,50,000க்கும் மேற்பட்ட வண்டிகள் பொய்யான எண்ணுடன் விற்கப்படுவதாக அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் மதிப்பிட்டுள்ளது. ஜெர்மனியில் 2005 முதல் மீட்டரைத் திருத்துவதே குற்றமாகும். பெல்ஜியத்தில் பழைய கார் விற்பவர், அதன் ஓட்ட வரலாறு அடங்கிய கார்-பாஸ் என்னும் சான்றை வாங்குபவரிடம் தர வேண்டும்.

எழுதி வைக்க வேண்டியவை

மீட்டர் போர்டு மாற்றும் ஒவ்வொருவரும் கீழ்க்கண்டவற்றைத் தயார் செய்துகொள்ள வேண்டும்.

1. பழைய போர்டின் கடைசி எண்ணும் காரின் பதிவு எண்ணும் தெரியும்படியான படங்கள். திரை முற்றிலும் அணைந்துவிட்டால் கடைசிச் சர்வீஸ் ரசீதில் உள்ள எண்.

2. புதிய போர்டு பொருத்திய நாளில் காட்டிய எண்ணின் படம்.

3. தேதி, இரண்டு எண்கள், மாற்றிய காரணம், பாக எண் ஆகியவை குறிக்கப்பட்ட பணிமனை ரசீது.

4. சர்வீஸ் புத்தகத்தில் ஒரு பக்கக் குறிப்பு. ஓட்டுநர் பக்கக் கதவின் உட்புறத்தில் ஒரு சிறு ஒட்டுத்தாள்.

5. முடிந்தால் பழைய போர்டு. அதனைக் குப்பையில் போடாமல் காருடன் சேர்த்து அடுத்த உரிமையாளரிடம் கொடுத்துவிடலாம்.

ஒட்டுத்தாளில் இவ்வாறு எழுதினால் போதும்: "மீட்டர் போர்டு மாற்றிய நாள்: ____. பழைய போர்டின் எண்: 1,42,650. புதிய போர்டின் எண்: 96,410. காட்டும் எண்ணுடன் 46,240 கூட்டவும்." இரண்டு வரிதான். இதனைப் படிக்கும் எந்த மெக்கானிக்கும் அடுத்த பராமரிப்பு எப்போது என்பதைத் தவறில்லாமல் சொல்லிவிடுவார்.

வாங்குபவர் கவனிக்க வேண்டியவை

குறைந்த ஓட்டம் காட்டும் பழைய வண்டியில் பெடல் ரப்பர், ஸ்டியரிங் உறை, கியர் கைப்பிடி, ஓட்டுநர் இருக்கை ஆகியவற்றின் தேய்மானத்தைப் பார்க்க வேண்டும். 30,000 கி.மீ. ஓடிய காரின் பிரேக் பெடல் வழவழப்பாகத் தேய்ந்திருக்காது. பழைய சர்வீஸ் ரசீதுகளைத் தேதி வரிசையில் அடுக்கினால் எண்கள் ஏறிக்கொண்டே போக வேண்டும். இடையில் இறங்கினால் காரணம் கேட்க வேண்டும். எஞ்சின் அறையில் ஆயில் மாற்றியதற்கான ஒட்டுத்தாள் இருந்தால் அதிலுள்ள எண்ணையும் ஒப்பிடலாம். அங்கீகரிக்கப்பட்ட பணிமனையில் கருவியை இணைத்தால், பிற கணினிகளில் பதிவான தூரம் தெரியவரக்கூடும்.

மீட்டர் போர்டு மாற்றப்பட்ட வண்டி என்பதாலேயே அதனை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. மாற்றிய நாளும் இரு எண்களும் ரசீதும் உள்ள கார், எண் மாறாதது என்று வாய்ச்சொல்லாக மட்டும் கூறப்படும் காரைவிட நம்பத்தக்கது. போர்டு பழுதாகலாம், உடையலாம், வேறொன்று வரலாம். ஆனால் ஓடிய தூரம் காருக்கு உரியது. அந்தத் தூரத்தைக் குறையாமல் கூடாமல் அடுத்தவர் கையில் ஒப்படைப்பது உரிமையாளரின் பொறுப்பாகும்.